அடங்காத வலிப்பு: கைக்குழந்தைகளிடம் மருந்துகள் தோற்பது ஏன்?

‘மருந்துக்கு அடங்காத வலிப்பு’ என்று சொன்னவுடன் குற்றம் முழுவதும் நோயின் தலையில் விழுந்துவிடுகிறது. மருந்து தன் வேலையைச் செய்தது, நோய்தான் பிடிவாதம் பிடிக்கிறது என்பது போன்ற தொனி அந்தச் சொல்லில் இருக்கிறது. பிறந்து சில நாட்களிலோ சில மாதங்களிலோ வலிப்பு தொடங்கிய குழந்தைகளிடம், அதுவும் காரணம் மரபணுவில் இருக்கும்போது, இந்தத் தொனி ஆளைத் திசைதிருப்பிவிடும். அங்கே மருந்து தோற்பது ஒரு தடயம். எந்த மருந்து தோற்றது, கொடுத்த பிறகு வலிப்பு அப்படியே இருந்ததா, கூடியதா என்று உன்னிப்பாகக் கேட்டால் மூளைக்குள் எந்தப் புரதம் பழுதாகியிருக்கக்கூடும் என்பதற்குத் துப்புக் கிடைக்கும்.

சொல்லுக்கு முறையான வரையறையும் உண்டு. வலிப்பு நோய்க்கு எதிரான பன்னாட்டுக் கழகம் அதை 2010-இல் வகுத்தது. அந்த நோயாளிக்குப் பொருத்தமான, உடல் தாங்கக்கூடிய இரண்டு மருந்துகளைத் தனித்தனியாகவோ சேர்த்தோ முறையாகக் கொடுத்த பிறகும் வலிப்பு நிற்கவில்லை என்றால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. ஏன் இரண்டோடு நிறுத்தினார்கள்? 2000-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு அடித்தளம். அதுவரை சிகிச்சையே பெறாத 470 பேரில் 47 விழுக்காட்டினருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இரண்டாவது மருந்தில் இன்னும் 13 விழுக்காட்டினர். மூன்றாவது மருந்தைத் தனியாகக் கொடுத்தபோது நின்றது வெறும் ஒரு விழுக்காட்டினருக்கு. இரண்டு கதவுகளைத் தட்டித் திறக்கவில்லை என்றால் அதே தெருவில் மூன்றாவது கதவைத் தட்டிப் பெரிய பயன் இல்லை என்பதுதான் அதன் பொருள்.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்களில் மிக இளையவருக்கு வயது ஒன்பது. கைக்குழந்தையே இல்லை. வரையறையில் இருக்கும் ‘பொருத்தமான’ என்ற சொல்லும் கைக்குழந்தைகளிடம் வந்தவுடன் ஆட்டம் காண்கிறது. காரணம் தெரியாமல் பொருத்தம் எப்படித் தெரியும்?

முதல் சிக்கல், குழந்தையின் வலிப்பு வலிப்பாகவே தெரியாது. பெரியவர்களுக்கு வரும் ஃபிட்ஸைப் பார்த்தவர்கள் கை கால் இழுப்பதையும் வாயில் நுரை தள்ளுவதையும் எதிர்பார்ப்பார்கள். நான்கைந்து மாதக் குழந்தையிடம் அது தூங்கி விழித்தவுடன் தலையைக் குனிந்து, இரு கைகளையும் விரித்து, ஒரு நொடி விறைத்துத் தளர்வதாக இருக்கலாம். சில நொடிகள் கழித்து மீண்டும் ஒன்று, பிறகு இன்னொன்று. வரிசையாக இருபது முப்பது முறை. பார்ப்பவர்கள் வயிற்றுவலி என்றோ, குழந்தை திடுக்கிடுகிறது என்றோ நினைப்பார்கள். வேறு சில குழந்தைகளிடம் கண்கள் ஒருபக்கம் செருகுவதும் உதடு சப்புவதும் முகம் சிவப்பதும் மட்டுமே தெரியும்.

அந்தக் குனியும் அசைவை முதன்முதலில் விரிவாக எழுதியவர் தன் சொந்த மகனைப் பார்த்தே எழுதினார். வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1841-இல் ‘லான்செட்’ இதழுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். நான்கு மாதம் வரை நன்றாக இருந்த பிள்ளை தலையை முழங்காலை நோக்கிக் குனியத் தொடங்கியதையும், அதன் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு மறைந்ததையும் எழுதிவிட்டு, அட்டை கடிக்கவிட்டது, பேதி மருந்து கொடுத்தது, அபினி கொடுத்தது என்று தான் முயன்று தோற்றவற்றையும் வரிசையாகச் சொல்கிறார். உங்களில் யாருக்காவது வழி தெரியுமா என்று சக மருத்துவர்களைக் கேட்கும் கடிதம் அது. மருந்துக்கு அடங்காத குழந்தை வலிப்பைப் பற்றிய மிகப் பழைய நேர்மையான பதிவுகளில் ஒன்று என்று அதைச் சொல்வேன். இன்று அந்த நோய் அவர் பெயரால் வெஸ்ட் நோய்க்குறி எனப்படுகிறது. ஓரளவு பலனளிக்கும் சிகிச்சை கிடைத்தது 1958-இல்தான்: அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஏசிடிஹெச் என்ற ஹார்மோன். வழக்கமான வலிப்பு மாத்திரைகள் பல இந்த நோயிடம் இன்றும் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்கின்றன.

வெஸ்ட் நோய்க்குறி ஒரு தோற்றம், அவ்வளவுதான். பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தைக்கும் அது வரும். மூளை வளர்ச்சியில் கோளாறு உள்ள குழந்தைக்கும் வரும். சிடிகேஎல்5, ஏஆர்எக்ஸ், எஸ்டிஎக்ஸ்பிபி1 போன்ற மரபணுக்களில் பிழை உள்ள குழந்தைக்கும் வரும். ஒரே முகம், உள்ளே வெவ்வேறு நோய்கள். மருத்துவம் நெடுங்காலம் முகத்தைப் பார்த்தே மருந்து எழுதியது. மரபணு ஆய்வு வந்த பிறகுதான் உள்ளே எட்டிப் பார்க்க வழி கிடைத்தது.

இதை நன்றாக விளங்கிக்கொள்ள டிராவே நோய்க்குறியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. பிரெஞ்சு மருத்துவர் ஷார்லோட் டிராவே 1978-இல் இதை முதலில் விவரித்தார். குழந்தை இயல்பாகப் பிறக்கிறது, சிரிக்கிறது, குப்புற விழுகிறது. ஆறு மாத வாக்கில் காய்ச்சலோடு ஒரு வலிப்பு. சில நேரம் வெந்நீர்க் குளியலே போதும். அது உடலின் ஒரு பாதியை மட்டும் இழுக்கும்; சில நிமிடங்களில் அடங்காமல் இருபது நிமிடம், அரை மணி நேரம் என்று நீளும். அடுத்த முறை மற்றப் பாதியை இழுக்கும். இஇஜி என்ற மூளை மின்னலைப் பதிவு தொடக்கத்தில் இயல்பாக இருக்கும். எம்ஆர்ஐ ஸ்கேனும் இயல்பாகவே இருக்கும். காய்ச்சல் வலிப்புதான், வளர வளரச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அப்படிச் சொல்வதில் பெரிய தவறும் இல்லை; காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு உண்மையிலேயே சரியாகிவிடும். இந்தக் குழந்தைக்கு மட்டும் சரியாகாது. இரண்டாம் வயதில் பேச்சும் நடையும் தடுமாறும், காய்ச்சல் இல்லாமலும் வலிப்பு வரும், துள்ளல் வலிப்பு போன்ற புதிய வகைகளும் வந்து சேரும்.

காரணமான மரபணுவை 2001-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். எஸ்சிஎன்1ஏ என்பது அதன் பெயர். டிராவே குழந்தைகளில் எண்பது விழுக்காட்டுக்கும் மேலானவர்களிடம் இதில்தான் பிழை இருக்கிறது. நரம்பணுவின் சுவரில் சோடியத்தை உள்ளே விடும் ஒரு வாயிலை உருவாக்கும் குறிப்பு இந்த மரபணுவில் உள்ளது. சோடியம் உள்ளே பாய்ந்தால் நரம்பணு மின்துடிப்பை எழுப்பும். வலிப்பு என்பதே மூளையின் மின்துடிப்பு கட்டுமீறுவது. அப்படியானால் சோடியம் வாயில் பழுதானவரின் மூளை மந்தமாக அல்லவா இருக்க வேண்டும்? வலிப்பு எப்படி வருகிறது?

2006-இல் எலிகளிடம் செய்த ஆய்வு முடிச்சை அவிழ்த்தது. மூளையில் முடுக்கும் நரம்பணுக்களும் உண்டு, அடக்கும் நரம்பணுக்களும் உண்டு. முடுக்குபவை வெவ்வேறு வகைச் சோடியம் வாயில்களை வைத்துச் சமாளித்துக்கொள்கின்றன. அடக்குபவையோ எஸ்சிஎன்1ஏ தரும் வாயிலையே பெரிதும் நம்பியிருக்கின்றன. மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால் வாயில்களின் எண்ணிக்கை பாதியாகிறது; முதலில் ஓய்ந்துபோவது அடக்கும் அணுக்கள். வண்டியில் முடுக்கி ஒழுங்காகத்தான் இருக்கிறது, தடைக்கட்டை தேய்ந்துவிட்டது. பிறந்த குழந்தையின் மூளையில் வேறொரு வகை வாயில் அதிகம் இருந்து, பின்னர் படிப்படியாகக் குறைந்து, எஸ்சிஎன்1ஏ வாயிலிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. ஒப்படைக்கும் அந்த மாதங்களில்தான் பற்றாக்குறை வெளியே தெரிகிறது. முதல் ஐந்தாறு மாதம் குழந்தை நன்றாக இருப்பதன் விளக்கம் இதில் இருக்கிறது.

இனி மருந்துக் கடையின் அலமாரியைப் பாருங்கள். ஃபெனிடாயின், கார்பமாசெபின், ஆக்ஸ்கார்பசெபின், லாமோட்ரிஜின் ஆகியவை உலகெங்கும் மிக அதிகமாக எழுதப்படும் வலிப்பு மருந்துகளில் அடங்கும். இவை வேலை செய்வது சோடியம் வாயிலை அடைத்து. ஏற்கெனவே பாதி வாயில்களோடு திணறும் அடக்கும் அணுக்களுக்கு இந்த மருந்தைக் கொடுத்தால், மிச்சமிருந்த தடைக்கட்டையையும் கழற்றிவிட்டோம் என்று பொருள். வலிப்பு கூடும். கூடியதைப் பார்த்து மருந்தின் அளவைக் கூட்டுவார்கள். அது மேலும் கூடும். கடைசியில் கோப்பில் ‘மருந்துக்கு அடங்காத வலிப்பு’ என்று எழுதுவார்கள். அந்தக் கட்டத்தில் அடங்காமல் நின்றது எது என்று கேட்கத் தோன்றுகிறது.

டிராவே நோய்க்குறியோடு சேர்ந்த இன்னொரு கதையையும் சொல்லியாக வேண்டும். தடுப்பூசி போட்ட ஓரிரு நாளில் முதல் வலிப்பு வந்து, பிறகு வளர்ச்சி பின்தங்கிய குழந்தைகளைத் ‘தடுப்பூசியால் மூளை கெட்டவர்கள்’ என்று நெடுநாள் கணக்கில் வைத்திருந்தார்கள். 2006-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அத்தகைய 14 பேரின் எஸ்சிஎன்1ஏ மரபணுவைப் படித்துப் பார்த்தனர். 11 பேரிடம் பிழை இருந்தது. தடுப்பூசிக்குப் பின் வரும் காய்ச்சல் முதல் வலிப்பைச் சற்று முன்கூட்டி வெளியே இழுத்திருக்கலாம். நோயை அது உண்டாக்கவில்லை. தடுப்பூசிக்குப் பின் வலிப்பு தொடங்கிய டிராவே குழந்தைகளுக்கும் மற்ற டிராவே குழந்தைகளுக்கும் பிற்காலத்தில் வேறுபாடு இல்லை என்று அடுத்து வந்த ஆய்வும் காட்டியது. ஊசி போட அழைத்துப் போனது நான்தானே என்று ஆண்டுக்கணக்கில் தன்னையே நொந்துகொண்ட பெற்றோருக்கு அந்த 11 என்ற எண் எவ்வளவு பெரியது என்பதை ஆய்வுக் கட்டுரைகளின் மொழி சொல்வதில்லை.

டிராவே கதையைக் கேட்டுவிட்டு, கைக்குழந்தைக்குச் சோடியம் வாயில் மருந்தே ஆகாது என்று முடிவுகட்டினால் அது அடுத்த தவறு. எஸ்சிஎன்1ஏ மரபணுவுக்கு எஸ்சிஎன்2ஏ என்றொரு தம்பி உண்டு, எஸ்சிஎன்8ஏ என்று இன்னொன்றும் உண்டு. இவை முடுக்கும் அணுக்களின் வாயில்களைச் செய்கின்றன. இவற்றில் சில பிழைகள் வாயிலை மூடவிடாமல் செய்து அளவுக்கு மீறிச் சோடியத்தை உள்ளே விடுகின்றன. அங்கே வாயிலை அடைக்கும் மருந்துதான் நேரடிப் பரிகாரம். ஃபெனிடாயினோ கார்பமாசெபினோ சற்று உயர்ந்த அளவில் கொடுத்து, நாளுக்குப் பல முறை வந்த வலிப்பு நின்ற குழந்தைகள் உண்டு. எஸ்சிஎன்2ஏ மரபணுவிலேயே வேறு சில பிழைகள் வாயிலைச் செயலிழக்கச் செய்யும். அந்தக் குழந்தைகளுக்கு அதே மருந்து உதவாது, கெடுக்கவும் கூடும். இரண்டையும் எப்படிப் பிரிப்பது? பெரும்பாலும் வலிப்பு தொடங்கிய வயதே சொல்லிவிடும். மூன்று மாதத்துக்கு முன் தொடங்கினால் வாயில் மிகையாகத் திறக்கும் வகை, அதற்குப் பிறகு என்றால் செயலிழந்த வகை. பொதுவிதிதான், விலக்குகள் இருக்கின்றன. என்றாலும் ‘எந்த வயதில் தொடங்கியது’ என்று மருத்துவர் திரும்பத் திரும்பக் கேட்பது சடங்குக்காக அல்ல.

கேசிஎன்க்யூ2 இன்னும் வியப்பானது. துடித்த நரம்பணுவை ஓய்வுக்குக் கொண்டுவரும் பொட்டாசியம் வாயிலின் மரபணு இது. இதில் ஒரு வகைப் பிழை குடும்பவழியாக வரும். பிறந்த முதல் வாரத்தில் வலிப்பு, சில மாதங்களில் தானாகவே நின்றுவிடும், பிள்ளை இயல்பாக வளரும். விசாரித்தால் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் பிறந்த வாரத்தில் இழுப்பு வந்த கதையை வீட்டில் யாராவது சொல்வார்கள். அதே மரபணுவில் வேறொரு பிழை, பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றினால், நாள் முழுவதும் விறைப்பு வலிப்பும் கடுமையான வளர்ச்சிக் குறைபாடும் வரும். ஆக மரபணுவின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது, அதற்குள் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். இந்த இரு வகைகளிலும் கார்பமாசெபின் போன்ற சோடியம் வாயில் மருந்துகள் பல நேரம் நன்றாக வேலை செய்கின்றன. டிராவே குழந்தையிடமிருந்து பறித்து வைக்க வேண்டிய மருந்தை இந்தக் குழந்தைக்குத் தேடிப்போய்க் கொடுக்க வேண்டும். இரண்டு குழந்தைகளும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருக்கலாம்.

வாயில்களை விட்டுவிட்டு வேதியியலுக்குப் போவோம். தாமதத்தின் விலை மிகக் கொடுமையாக இருக்கும் இடம் இது. 1954-இல், எந்த மருந்துக்கும் நிற்காத ஒரு பச்சிளங்குழந்தையின் வலிப்பு வைட்டமின் பி6 கொடுத்ததும் நின்றது என்று மருத்துவ இதழில் பதிவானது. காரணமான ஏஎல்டிஹெச்7ஏ1 மரபணு 2006-இல்தான் பிடிபட்டது. லைசின் என்ற அமினோ அமிலத்தை உடல் சிதைக்கும் பாதையில் ஒரு நொதி வேலை செய்யாததால், தேங்கும் கழிவு பி6-ஐப் பிடித்துச் செயலற்றதாக்கிவிடுகிறது. மூளையின் முக்கிய அடக்கும் வேதிப்பொருளான காபாவைச் செய்ய பி6 தேவை. பி6 இல்லை, காபா இல்லை, வலிப்பு நிற்பதில்லை. இந்தக் குழந்தைக்குப் பத்து வலிப்பு மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்தாலும் அடிப்படைக் குறை அப்படியே இருக்கும். தேவைப்படுவது வாழ்நாள் முழுவதும் ஒரு வைட்டமின். முதல் முறை நரம்பு வழியாகச் செலுத்தும்போது மூச்சு நின்றுவிடும் ஆபத்து இருப்பதால் மருத்துவமனையில் கண்காணிப்போடுதான் தொடங்க வேண்டும். வீட்டில் முயன்று பார்க்கும் காரியம் இல்லை. வலிப்பு நின்றாலும் பல குழந்தைகளுக்குக் கற்றல் குறைபாடு மிஞ்சுகிறது, அதனால் லைசின் குறைந்த உணவும் சேர்த்துத் தரப்படுகிறது. பிஎன்பிஓ என்ற வேறொரு மரபணுக் கோளாறில் சாதாரண பி6 போதாமல், அதன் செயல்வடிவமான பைரிடாக்சல் ஃபாஸ்ஃபேட் தேவைப்படலாம்.

குளூட்1 குறைபாட்டில் பசிப்பது மூளைக்கு. இரத்தத்தில் சர்க்கரை சரியாக இருக்கும், ஆனால் அதை மூளைக்குள் ஏற்றிச் செல்லும் புரதம் போதாது. முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்தால் அதில் சர்க்கரை குறைந்திருக்கும். 1991-இல் முதன்முதலில் விவரிக்கப்பட்ட இந்த நோய்க்கு மருந்து கீட்டோ உணவுமுறை: மாவுச்சத்தைப் பெரிதும் குறைத்து, கொழுப்பை மிகுத்து, சர்க்கரைக்குப் பதிலாகக் கீட்டோன்களை மூளைக்கு எரிபொருளாகத் தருவது. கீட்டோ உணவு வலிப்புச் சிகிச்சையாக அறிமுகமானது 1921-இல். நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அதற்கான சிகிச்சை காத்திருந்தது என்பது மருத்துவ வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று. மரபணு இன்னதென்று தெரியாத அடங்காத வலிப்பிலும் இந்த உணவுமுறை பல குழந்தைகளுக்குக் கைகொடுக்கிறது. ஆனால் கொழுப்பைச் சிதைக்க முடியாத சில வளர்சிதைமாற்றக் கோளாறுகளில் அதுவே உயிருக்கு ஆபத்து. சோதித்த பிறகே தொடங்குகிறார்கள்.

எதைக் கொடுக்கக் கூடாது என்பதற்கும் மரபணுவைக் கேட்க வேண்டிய இடங்கள் உண்டு. வால்ப்ரோயேட் டிராவே குழந்தைகளுக்கு முதலில் எழுதப்படும் மருந்துகளில் ஒன்று. பிஓஎல்ஜி என்ற மரபணுவில் பிழை உள்ள குழந்தைக்கு அதே வால்ப்ரோயேட் கல்லீரலைச் செயலிழக்கச் செய்து உயிரையே பறிக்கக்கூடும்.

சோதனை பற்றி. இரத்த மாதிரியிலிருந்து வலிப்போடு தொடர்புள்ள சில நூறு மரபணுக்களை மட்டும் படிக்கும் தொகுப்புச் சோதனையும் உண்டு. புரதம் செய்யும் பகுதிகள் அனைத்தையும் படிக்கும் எக்ஸோம் சோதனையும், மரபணுத்தொகுதி முழுவதையும் படிக்கும் சோதனையும் உண்டு. ஸ்காட்லாந்தில் மூன்று வயதுக்குள் வலிப்பு தொடங்கிய 333 குழந்தைகளைச் சோதித்தபோது 80 பேரிடம், அதாவது 24 விழுக்காட்டினரிடம், காரணமான மரபணு கிடைத்தது. 2019-இல் வெளியான அந்த ஆய்வின் கணக்குப்படி, உயிரோடு பிறக்கும் 2,120 குழந்தைகளில் ஒருவருக்கு ஒற்றை மரபணுவால் வரும் வலிப்பு. தனித்தனியே எடுத்தால் ஒவ்வொன்றும் அரிய நோய். கூட்டிப் பார்த்தால் அரிது என்று ஒதுக்க முடியாது. அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நான்கு நாடுகளின் மருத்துவமனைகள் சேர்ந்து 100 கைக்குழந்தைகளுக்கு விரைவு மரபணுத்தொகுதிச் சோதனை செய்து 2023-இல் வெளியிட்ட முடிவில் 43 பேருக்கு விடை கிடைத்தது. அதைவிட முக்கியம், முதல் வலிப்பிலிருந்து சோதனை முடிவு கைக்கு வர ஆன இடைநிலைக் காலம், அதாவது எல்லோருடைய காலத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது, 37 நாட்கள். முன்பெல்லாம் ஆண்டுகள் ஆகும். மூளை நாளொரு வண்ணம் வளரும் பருவத்தில் இந்த வேறுபாடு சிறியதல்ல.

சோதனை எப்போதும் நேரான பதில் தருவதில்லை. ‘பொருள் உறுதியாகாத மாற்றம்’ என்று அறிக்கை வருவது உண்டு. மரபணுவில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, அது நோய்க்குக் காரணமா, வெறும் மச்சம் போன்ற ஓர் அடையாளமா என்று இன்றைய அறிவால் சொல்ல முடியவில்லை என்பது அதன் பொருள். அதைக் காரணம் என்று எடுத்துக்கொண்டு மருந்தை மாற்றுவதும் தவறு, குப்பையில் போடுவதும் தவறு. பெற்றோரின் இரத்தத்தையும் சோதித்தால் பல நேரம் தெளிவு பிறக்கும்.

பெற்றோரைச் சோதிப்பது என்றவுடன் வீடுகளில் எழும் கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: யார் பக்கத்திலிருந்து வந்தது? கைக்குழந்தைகளின் கடுமையான வலிப்புகளில் பெரும்பாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் வரவில்லை. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது, அல்லது கரு பிரியத் தொடங்கும்போது, புதிதாக நேர்ந்த எழுத்துப்பிழை அது. கருவுற்றிருந்தபோது தின்றதும் வேலைக்குப் போனதும் அழுததும் அதற்குக் காரணம் அல்ல. ஆனால் ‘புதிதாக நேர்ந்தது, அடுத்த குழந்தைக்கு வரவே வராது’ என்றும் அடித்துச் சொல்லிவிட முடியாது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படிப் புதிதாகத் தோன்றியதாகக் கருதிய 120 குடும்பங்களை நுட்பமாகச் சோதித்தபோது 10 குடும்பங்களில் தாய் அல்லது தந்தையின் உடலணுக்களில் ஒரு பகுதியில் மட்டும் அந்தப் பிழை ஒளிந்திருந்தது. பி6 சார்ந்த வலிப்பு போன்றவற்றில் கணக்கே வேறு: பெற்றோர் இருவரும் ஆளுக்கொரு பழுதான பிரதியைச் சுமந்தபடி நலமாக இருப்பார்கள், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. பிசிடிஹெச்19 இன்னொரு புதிர். எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணுவின் பிழையைச் சுமக்கும் தந்தைக்கு வலிப்பு வருவதில்லை, மகளுக்கு வருகிறது. மகளின் மூளையில் பழுதான அணுக்களும் நல்ல அணுக்களும் கலந்திருந்து ஒன்றோடொன்று ஒத்துப்போகாததே சிக்கல் என்று கருதுகிறார்கள்.

இரத்தச் சோதனையில் ஒன்றும் தெரியாமல், பிழை மூளையின் ஒரு பகுதியில் மட்டும் இருக்கும் குழந்தைகளும் உண்டு. மூளையின் ஒரு பாதி மட்டும் பெருத்து வளரும் கோளாறு அப்படிப்பட்டது. மரபணு நோய் என்றால் கத்திக்கு வேலை இல்லை என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் சில நேரம் காணப்படுகிறது. இந்தக் குழந்தைகளுக்கு அது பொருந்தாது. காலத்தோடு செய்யும் அறுவை சிகிச்சை வலிப்பை முழுதாக நிறுத்திவிட முடியும்.

மரபணு தெரிந்துவிட்டால் மருந்து கிடைத்துவிடும் என்று இதுவரை படித்தவர் நினைத்திருந்தால், அந்த நம்பிக்கையைச் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலான மரபணுக்களுக்கு இன்று குறிவைத்த மருந்து இல்லை. தாளில் அழகாக இருந்த சில யோசனைகள் குழந்தையிடம் வந்ததும் தோற்றன. கேசிஎன்டி1 என்ற பொட்டாசியம் வாயில் மிகையாகத் திறப்பதை, இதயத் துடிப்புக்கான பழைய மருந்தான குயினிடின் அடைக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் தெரிந்தபோது பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. குழந்தைகளிடம் பலன் ஏமாற்றமே; இதயத்துக்கு ஆபத்து வேறு.

டிராவே நோய்க்கு நிலைமை கொஞ்சம் மேல். ஸ்டிரிபென்டால் மருந்தை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்த 2000-ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வில் 21 குழந்தைகளில் 15 பேருக்கு வலிப்பு பாதிக்கும் மேல் குறைந்தது. ஒப்பீட்டுக்காக மருந்துச் சத்தே இல்லாத வெற்று மருந்து பெற்ற 20 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படிக் குறைந்தது. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்த, போதை தராத கன்னாபிடியால் 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதைப் பற்றிய ஆரவாரம் எல்லோர் காதிலும் விழுந்திருக்கும், எண்களைப் பார்ப்பது நல்லது: 120 பேர் கொண்ட டிராவே ஆய்வில் மாதத்துக்கு இடைநிலையாக 12.4 ஆக இருந்த வலிப்புகள் 5.9 ஆகக் குறைந்தன. வலிப்பே இல்லாமல் ஆனவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர். பயன் உண்மை, அற்புதம் இல்லை. ஃபென்ஃபுளூரமின் கதை நாவலுக்கு உரியது. உடல் எடையைக் குறைக்க விற்ற மாத்திரை. இதய வால்வைக் கெடுக்கிறது என்று 1997-இல் சந்தையிலிருந்து விரட்டப்பட்டது. பெல்ஜியத்தில் சில மருத்துவர்கள் அதைக் குறைந்த அளவில் டிராவே குழந்தைகளுக்குக் கொடுத்துக் கவனித்துவந்தனர். 2020-இல் அது வலிப்பு மருந்தாக அமெரிக்க ஒப்புதலோடு திரும்பி வந்தது, இதயத்தை எக்கோ மூலம் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. சிடிகேஎல்5 குறைபாட்டுக்குக் கானாக்ஸலோன் 2022-இல் ஒப்புதல் பெற்றது.

வலிப்பு குறைவது ஒன்று, குழந்தை வளர்வது வேறொன்று. இந்த நோய்கள் பலவற்றுக்கு ‘வளர்ச்சி மற்றும் வலிப்பு சார்ந்த மூளைக்கோளாறு’ என்று இரட்டைப் பெயர் வைத்திருப்பது அதனால்தான். ஓயாத வலிப்பு வளர்ச்சியைக் கெடுக்கிறது. மரபணுப் பிழை தன் பங்குக்குத் தனியாகவும் கெடுக்கிறது. வலிப்பை நிறுத்தினாலும் இரண்டாவது சேதம் தொடரலாம். வலிப்பு நின்றும் பேச்சு வரவில்லையே என்று கேட்கும் பெற்றோருக்கு, சிகிச்சை தோற்றுவிட்டது என்று பதில் சொல்லத் தேவையில்லை. இந்த இரண்டாவது சேதத்தை வேரிலேயே தொட முயல்பவை இப்போது மனிதர்களிடம் சோதனையில் உள்ள சிகிச்சைகள். எஸ்சிஎன்1ஏ மரபணுவின் நல்ல பிரதியிலிருந்து கூடுதல் புரதம் எடுக்க வைக்கும் சிறு ஆர்என்ஏ துண்டுகளை முதுகுத்தண்டு நீரில் செலுத்துவது அவற்றில் ஒன்று. முடிவுகள் வரும் வரை பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

அதுவரை வீட்டில் இருப்பது சில எளிய கருவிகள். வலிப்பைக் கைபேசியில் படம்பிடித்து வைத்தால் மருத்துவர் ஆயிரம் கேள்வி கேட்பதை அது மிச்சப்படுத்தும். ஐந்து நிமிடம் தாண்டும் வலிப்பை நிறுத்தக் கன்னத்தின் உட்புறம் விடும் மிடசோலாமோ ஆசனவாய் வழியாகத் தரும் டயசெபாமோ, எப்போது எவ்வளவு என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த தாளோடு கையருகில் இருக்க வேண்டும். டிராவே குழந்தைகளில் தூக்கத்தில் எதிர்பாராமல் உயிர் பிரியும் ஆபத்து மற்ற வலிப்பு நோயாளிகளைவிடக் கூடுதல். இதைப் பெற்றோரிடம் சொல்வதா மறைப்பதா என்று தயங்குபவர்கள் உண்டு. சொல்ல வேண்டும் என்பதே என் எண்ணம். இரவில் கண்காணிக்க வேண்டிய தேவை அவர்களுக்குத்தானே வருகிறது?

இந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியினர் மரபணுச் சோதனை வருவதற்கு முன்பே வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். ‘அடங்காத வலிப்பு’ என்ற பழைய கோப்போடு, இருபது முப்பது ஆண்டுகளாக அதே சோடியம் வாயில் மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் அவர்களிடையே இருக்கிறார்கள். டிராவே என்று பெரியவயதில் கண்டறிந்து மருந்தை மெல்ல மெல்ல மாற்றியபோது வலிப்பு குறைந்து, விழிப்பும் பேச்சும் கூடியவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. முதல் வலிப்பு எந்த மாதத்தில் வந்தது, காய்ச்சல் இருந்ததா, எந்தப் பக்கம் இழுத்தது என்று அவர்களுடைய வயதான தாய்மார்களிடம் இப்போது கேட்கிறார்கள்.